கேஸ் மேனேஜ்மென்ட்டில் பிஎச்டி: காசு கொடுப்பவரின் கேள்வியும் உங்கள் கேள்வியும்

பிஎச்டிக்கு ஃபண்டிங் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள், இல்லையென்றால் எம்எஸ்டபிள்யூ முடித்துவிட்டு மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்கள். எல்லாரும் தொகையில்தான் ஆரம்பிப்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் வேறெங்கே ஆரம்பிப்பார்? எனவே தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன்: நீங்கள் என்ன பதில் கண்டுபிடிக்க வேண்டும் என்று காசு கொடுப்பவர் எதிர்பார்க்கிறார் என்பதை, விண்ணப்பம் போடும் முன்பே மோப்பம் பிடிப்பது. கேஸ் மேனேஜ்மென்ட் ஆராய்ச்சியில் இது ரொம்பவே அவசியம், ஏன் என்று கீழே வரும்.

நான் எழுதுவது பிரிட்டனைப் பற்றி, அதிலும் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றி. நான் இங்கே பிஎச்டி செய்துகொண்டிருப்பதால் எனக்குத் தெரிந்தது இதுதான்.

முதலில், கேஸ் மேனேஜ்மென்ட் என்றால் என்ன என்று ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிடலாம். எண்பது தாண்டிய ஒரு பாட்டி, தனியாக இருக்கிறார். இதயம் பலவீனம், சர்க்கரை, மூட்டுவலி, கொஞ்சம் மறதி. வாசல் சுவரில் திருகி வைத்த சின்னச் சாவிப் பெட்டி, அதன் எண் தெரிந்தவர்களே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். காலையில் குளிக்க வைக்க ஏஜென்சியிலிருந்து ஒருவர். காலில் புண்ணுக்குக் கட்டுப் போட டிஸ்ட்ரிக்ட் நர்ஸ். மருந்துக் கடையிலிருந்து நாள்வாரியாகப் பிரித்த மாத்திரை அட்டை. உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிலிருந்து சோஷியல் வொர்க்கர், மருத்துவமனையிலிருந்து ஹார்ட் ஃபெயிலியர் நர்ஸ், எல்லாருக்கும் மேலே ஜிபி என்கிற குடும்ப டாக்டர். மேஜையில் ஒரு கோப்பு கிடக்கும், வந்தவர்கள் ஆளுக்கொரு வரி எழுதிவிட்டுப் போவார்கள், முந்தைய வரியைப் படிப்பவர்கள் குறைவு. நீர் மாத்திரையின் அளவைக் கூட்டியவருக்குப் பாட்டி ராத்திரி கழிவறைக்குப் போகும்போது தடுமாறுகிறார் என்பது தெரியாது. காலையில் வரும் பெண்ணிடம் பாட்டி அதைச் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் பெண்ணுக்கு மாத்திரை கூடியது தெரியாது. ஒரு நாள் பாட்டி விழுவார், ஆம்புலன்ஸ் வரும், மூன்று வாரம் வார்டில் கிடப்பார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரே ஆள்தான் கேஸ் மேனேஜர். சில இடத்தில் அவர் நர்ஸ், சில இடத்தில் சோஷியல் வொர்க்கர். வேலையின் பெரும்பகுதி போன். யாரும் எடுக்காத போன்.

சரி, காசுக்கு வருவோம். பிரிட்டனில் அரசு ஆராய்ச்சிப் பணத்தின் பெரிய வழி யூகேஆர்ஐ. சமூக அறிவியல் பக்கம் என்றால் அதன் கீழ் இருக்கும் ஈஎஸ்ஆர்சி என்ற கவுன்சில், பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சேர்ந்த பயிற்சித் திட்டங்கள் வழியாக இடங்களைக் கொடுக்கிறது. 2025-26க்கு யூகேஆர்ஐயின் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை, ஆண்டுக்கு 20,780 பவுண்டு. வருமான வரி கிடையாது. முழுநேர மாணவர் என்பதால் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸும் கிடையாது, கூடக் குடியிருப்பவர் மாணவராக இல்லாவிட்டால் அந்தக் கணக்கு மாறும். படிப்புக் கட்டணத்தைத் தனியாக அவர்களே கட்டிவிடுவார்கள். 2021இலிருந்து வெளிநாட்டு மாணவர்களும் இதற்கு முழுத் தகுதி பெறலாம், ஆனால் ஒரு சேர்க்கையில் 30 சதவீதம் வரைதான். அந்த முப்பதுக்குள் சீனா, நைஜீரியா, பிரேசில் என்று எல்லாரோடும் நீங்கள் போட்டி போட வேண்டும்.

யூகேஆர்ஐ இல்லாத விளம்பரங்களில் தொகையைப் பார்க்கும் முன் கட்டண வரியைப் பாருங்கள். 'ஹோம் ஃபீஸ்' மட்டும் என்று போட்டிருந்தால், உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தலையில். அது வருடத்துக்கு ஐந்திலக்க பவுண்டு வரை போகும், ஸ்டைபெண்டையே விழுங்கிவிடும். 'ஃபுல்லி ஃபண்டட்' என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதை எட்டாவது பத்தியில் ஒளித்து வைக்கும் பழக்கம் இங்கே சர்வசாதாரணம். எனக்கு இது எரிச்சலூட்டும் விஷயம்.

ஏற்கெனவே அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸிலோ கவுன்சிலிலோ வேலை பார்ப்பவர்களுக்கு வேறு கதவு உண்டு. உடல்நல ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் தரும் என்ஐஎச்ஆர் கொடுக்கும் டாக்டோரல் ஃபெலோஷிப். அதில் ஸ்டைபெண்ட் இல்லை, சம்பளம், அதுவும் இப்போது வாங்கும் சம்பளத்தை ஒட்டி. கட்டணம், பயிற்சி, ஆராய்ச்சிச் செலவு எல்லாம் அதோடு வரும். பகுதி நேரமாகவும் செய்யலாம், அதனால் குழந்தைகள் இருப்பவர்களும் யோசிக்க முடியும். அந்த நிறுவனம் 2022இல்தான் தன் பெயரில் 'கேர்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. சோஷியல் வொர்க்கர்களுக்கும் சமூகக் கவனிப்பு ஆராய்ச்சிக்கும் முன்பைவிட இடம் அதிகம் என்பதை அதன் அறிவிப்புகளில் பார்க்கலாம். இங்கே என்எச்எஸ் சம்பளப் படியில் பேண்ட் ஃபைவிலோ சிக்ஸிலோ வேலை பார்க்கும் நம்மூர் நர்ஸுகள் இதைப் பற்றிக் கேள்விப்படுவதே இல்லை. 'அக்கா, பிஎச்டியெல்லாம் நமக்கா?' என்று நாகர்கோவில்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக்கில் வேலை. யார் வீட்டில் யார் மாத்திரையை மறப்பார்கள் என்று அத்துபடி. அவளுக்கில்லாமல் வேறு யாருக்கு?

ஐரோப்பாவில் ஐரோப்பிய யூனியன் பணம் தரும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-க்யூரி டாக்டோரல் நெட்வொர்க்குகள் இருக்கின்றன. எந்த நாட்டவரும் போகலாம், வேலை ஒப்பந்தத்தோடு எடுப்பார்கள். முக்கியமான நிபந்தனை, எந்த நாட்டில் சேர்கிறீர்களோ அந்த நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இது தடையே இல்லை. நெதர்லாந்திலும் பிஎச்டி மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்தான், சம்பளம் வாங்குவார்.

இந்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு உண்டு, குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். ஆனால் 2022இல் வந்த விதிமுறையில் இந்தியக் கலாசாரம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை ஒதுக்கிவிட்டார்கள். வெளிநாடு போய் நம்மூர்ச் சமூகத்தை ஆராயாதே என்கிற மாதிரி ஒரு விதி. தருமபுரியில் முதியோர் கவனிப்பு பற்றி எழுத நினைக்கும் ஒரு தலித் பெண் இதை எப்படித் தாண்டுவது? தலைப்பை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையை வரி வரியாகப் படியுங்கள்.

விசாவில் ஒரு விஷயம். 2024 ஜனவரியிலிருந்து மாஸ்டர்ஸ் பாடப்படிப்புக்கு வருகிறவர்கள் பொதுவாகக் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, பிஎச்டிக்கு வருகிறவர்கள் கூட்டிவரலாம். ஆனால் விசாவோடு கட்ட வேண்டிய ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. மொத்த ஆண்டுகளுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும், ஆளுக்கு ஆள் தனி. நான்கு ஆண்டு என்றாலே ஒருவருக்கு 3,104 பவுண்டு. ஸ்டைபெண்ட் முதல் மாதம் வருவதற்கு முன்பே இந்தப் பணம் கையை விட்டுப் போயிருக்கும். எந்த விளம்பரத்திலும் இது இருக்காது.

தொகை முடிந்தது. இனி கேள்வி.

கேஸ் மேனேஜ்மென்ட் பற்றிய பிஎச்டி விளம்பரங்களைப் படித்தால் ஒரே மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: அவசர அனுமதிகளை, அதாவது திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவதை, குறைப்பதில் கேஸ் மேனேஜ்மென்ட்டின் பங்கு. குறைக்கும் என்பது முடிவாகிவிட்டது, எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல ஓர் ஆள் தேவை, அவ்வளவுதான். இந்தத் துறையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

பிரிட்டனில் இது ஆரம்பித்தது கென்ட் மாவட்டத்தில், தானெட் பகுதியில், 1970களின் பிற்பாதியில். பிளெடின் டேவிஸ், டேவிட் சாலிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து அதை ஆய்வு செய்தார்கள். சோஷியல் வொர்க்கர்களுக்குக் குறைந்த எண்ணிக்கையில் ஆட்களைக் கொடுத்தார்கள். கூடவே செலவு செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தார்கள்: ஒருவரை முதியோர் இல்லத்தில் வைக்க ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை, மேலிடத்தில் கேட்காமல், அவர்களே செலவிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சின்னத் தொகை கொடுத்து ராத்திரி ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லலாம். அந்த முதியவர்களில் இல்லத்துக்குப் போனவர்கள் குறைந்தார்கள், வீட்டிலேயே இருந்தவர்கள் கூடினார்கள். சமூகக் கவனிப்பு பற்றி 1988இல் வந்த கிரிஃபித்ஸ் அறிக்கை, அதையொட்டிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டின் பின்னாலும் இந்த ஆய்வின் செல்வாக்கு உண்டு. சட்டம் 1993 ஏப்ரலில் முழுசாக நடைமுறைக்கு வந்தபோது பல கவுன்சில்களில் பெயர் மட்டும் வந்தது, பணப்பை வரவில்லை. படிவம் நிரப்பும் வேலை வந்தது.

அப்புறம் 2003. அமெரிக்காவின் யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் எவர்கேர் முறையை இங்கிலாந்தில் ஒன்பது இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அதிக ஆபத்தில் இருக்கும் முதியவர்களைக் கண்டுபிடித்து ஒவ்வொருவருக்கும் ஒரு நர்ஸ். சோதனை முடிந்து கணக்கு வருவதற்குள்ளேயே அரசு இந்த வேலைக்கு 3,000 கம்யூனிட்டி மேட்ரன்கள், அதாவது மூத்த நர்ஸுகள், என்று அறிவித்துவிட்டது. 2007இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: அவசர அனுமதியிலும் மருத்துவமனைப் படுக்கையில் கழித்த நாட்களிலும் இறப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் மட்டும் அது பிடித்திருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை எல்லாரும் அடிக்குறிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கென்னவோ ஆராய்ச்சி அங்கேதான் தொடங்க வேண்டும் என்று படுகிறது.

மனநலத்தில் அதற்கும் முன்பே, 1999இல், யூகே700 என்ற சோதனை. 708 பேர். ஒரு கேஸ் மேனேஜருக்குப் பத்துப் பதினைந்து பேர் என்று ஒரு பக்கம், முப்பது முப்பத்தைந்து பேர் என்று இன்னொரு பக்கம். மருத்துவமனையில் கழித்த நாட்களில் வித்தியாசம் வரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பேசப்பட்டது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேம்டன் என்ற ஏழை நகரம். ஜெஃப்ரி பிரென்னர் என்ற டாக்டர், திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வரும் சிலரைப் பட்டியல் போட்டு, நர்ஸையும் சோஷியல் வொர்க்கரையும் அவர்கள் வீட்டுக்கே அனுப்பினார். முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் ஒப்பிட்டால் அனுமதிகள் சடசடவென்று இறங்கின. அவருக்கு 2013இல் மெக்கார்தர் விருதும் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் குழுவே முன்வந்து யாருக்குக் கவனிப்பு, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் பிரித்து ஒப்பிடும் குலுக்கல் முறைச் சோதனைக்கு ஒத்துக்கொண்டது. இது பெரிய மனசு. 800 நோயாளிகள், முடிவு 2020 ஜனவரியில். 180 நாட்களில் திரும்ப அனுமதியானவர்கள் கவனிப்புப் பெற்ற குழுவில் 62.3 சதவீதம், வழக்கமான குழுவில் 61.7. அதாவது ஒன்றுதான். இரண்டு பக்கமும் அனுமதிகள் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தன. ஒருவரின் மிக மோசமான ஆறு மாதத்தைப் பார்த்து அவரைப் பட்டியலில் சேர்த்தால், யாரும் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆறு மாதம் பெரும்பாலும் கொஞ்சம் தேறும். ஜுரம் உச்சியில் இருக்கும்போது கஷாயம் கொடுத்துவிட்டு, ஜுரம் இறங்கியதும் கஷாயத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதுபோல.

இதையெல்லாம் படித்துவிட்டு கேஸ் மேனேஜ்மென்ட் வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தானெட்டில் கையில் காசு இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரை ஏற்பாடு செய்ய முடிந்தது. கேம்டனில் வீடு இல்லாதவருக்கு வீடு வாங்கித் தர நர்ஸால் முடியவில்லை, போதைச் சிகிச்சைக்கு இடம் கிடைக்கவில்லை. இல்லாத சேவைகளை ஒருங்கிணைத்து என்ன செய்வது? ஆளை நியமிக்கிறோம், அவர் கையைக் கட்டிப்போடுகிறோம், அப்புறம் படுக்கை நாள் குறையவில்லை என்று அவரைக் குறை சொல்கிறோம். கேஸ் மேனேஜரின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, யாரிடம் கேட்காமல் எதைச் செய்யலாம், எத்தனை பேரைப் பார்க்கிறார், அதே ஆள் எத்தனை மாதம் தொடர்கிறார். இவற்றை ஒழுங்காக அளந்து பார்க்கும் ஒரு பிஎச்டி, 'வேலை செய்கிறதா இல்லையா' என்று இன்னொரு தடவை கேட்கும் ஐந்து பிஎச்டிக்குச் சமம் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் இருந்தபடி இதைப் படிப்பவர்கள், இது நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கோப்ஸி என்ற ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, கோவா மூன்றிலும் நடந்தது, சென்னையின் மனநல அமைப்பான ஸ்கார்ஃபுக்கும் அதில் பங்கு உண்டு. மனச்சிதைவு உள்ள 282 பேர், குடும்பத்தோடு. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மொத்தத்தில் பலன் அடக்கமானதுதான், ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில் அறிகுறிகளும் முடக்கமும் தெளிவாகவே குறைந்தன. ஏன் அங்கே மட்டும்? அந்தக் கேள்விக்குள் ஒரு பிஎச்டி உட்கார்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீடு வீடாகப் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்களே, மாத்திரையோடு கூட அவர்கள் வேறு என்னென்ன வேலையைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். இங்கே இருக்கும் சூப்பர்வைசர்களில், அதாவது பிஎச்டி வழிகாட்டிகளில், இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருபவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

இனி விளம்பரத்தை எப்படிப் படிப்பது. கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்ட திட்டமா, நீங்கள் கேள்வியைக் கொண்டுபோகும் திட்டமா என்று முதலில் பாருங்கள். எழுதப்பட்டது என்றால் கிடைப்பது கொஞ்சம் சுலபம், தரவும் ஆராய்ச்சி செய்வதற்கான அனுமதியும் பாதி தயாராக இருக்கும், ஆனால் வேறொருவரின் ஆசையை நீங்கள் சுமக்கிறீர்கள். மருத்துவமனையோ கவுன்சிலோ பாதிப் பணம் போடும் கூட்டுத் திட்டம் என்றால் இன்னும் உஷார்: அந்தச் சேவையை அடுத்த வருடம் மூடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவர் உங்கள் சூப்பர்விஷன் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அது கெட்டது என்று சொல்லவில்லை. வேறெங்கும் கிடைக்காத கோப்புகளும் ஆட்களும் அவர்கள் வழியாகத்தான் கிடைக்கும். ஆனால் பலன் இல்லை என்று வந்தால் அதை வெளியிட முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது காலம். கேஸ் மேனேஜர் பார்க்கும் ஆட்களில் பலருக்கு மறதி நோய் இருக்கும். ஆராய்ச்சிக்குச் சம்மதம் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டு மென்டல் கெபாசிட்டி சட்டப்படி அவரை நன்கு அறிந்த ஒருவரைக் கலந்தாலோசிக்க வேண்டும், அதற்கென்று உள்ள நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். சம்மதம் இல்லாமல் மருத்துவக் கோப்புகளைப் பார்க்க வேண்டுமானால் அது இன்னொரு தனி அனுமதி. கவுன்சில் பக்கத்துத் தரவையும் என்எச்எஸ் தரவையும் ஒருவர் பெயரில் இணைப்பது என்றால் இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும், ஆராய்ச்சி செய்ய வந்த கோளாறு ஆராய்ச்சிக்கே வந்து சேரும். மூன்றரை ஆண்டில் ஒரு ஆண்டு இதற்கே போகலாம். நான் அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் ஒரு குழு முழுக்கக் கலைந்து வேறு பெயரில் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. எனவே விளம்பரத்தில் 'அனுமதிகள் பெறப்பட்டுள்ளன' என்று ஒரு வரி இருந்தால் அதற்குத் தொகையைவிட அதிக மதிப்பு கொடுங்கள்.

நேர்காணலில் புள்ளியியல் கேட்பார்கள் என்று பயந்துபோய் உட்காருபவர்கள்தான் அதிகம். கேட்பார்கள், கொஞ்சம். ஆனால் இந்தத் துறையில் கட்டாயம் வரும் கேள்வி, நோயாளிகளையும் வீட்டாரையும் உங்கள் ஆய்வை வடிவமைப்பதில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்பது. அவர்களின் நேரத்துக்குப் பணம் தருவீர்களா, எந்த இடத்தில் சந்திப்பீர்கள், வீட்டை விட்டு நகர முடியாதவரை என்ன செய்வீர்கள். வார்டிலோ வெளிநோயாளர் பிரிவிலோ இரண்டு வருடம் இருந்தவருக்கு இதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். நேராகப் படித்து வந்தவர்கள் திணறுவார்கள்.

கடைசியாக அவர்கள் உங்களிடம் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். விடுமுறை எத்தனை நாள் என்று கேட்க வேண்டாம். 'நான் கணக்குப் போட்டுப் பார்த்து, மருத்துவமனை அனுமதி எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை என்று வந்தால், இந்தத் திட்டத்துக்கு என்ன ஆகும்?' என்று கேளுங்கள். நல்ல சூப்பர்வைசர் சிரிப்பார், கேம்டன் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பவர்களும் உண்டு.

அக்டோபரில் சேருவதற்கான பெரிய போட்டிகள் முந்தைய குளிர்காலத்திலேயே மூடிவிடும், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். தனித்தனி இடங்கள் வருடம் முழுக்க வந்துகொண்டிருக்கும். விளம்பரத்தின் அடியில் கேள்விகளுக்கு என்று ஒரு சூப்பர்வைசரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், நம்மவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், தொந்தரவு என்று நினைத்து. எழுதுங்கள். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம், இரண்டே பத்தி: நீங்கள் பார்த்த ஒரு கேஸ், அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வி. கூடவே கட்டணம் முழுசாகக் கட்டுவார்களா, ஆராய்ச்சி அனுமதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்றும் கேட்டுவிடுங்கள். பதில் எவ்வளவு நாளில் வருகிறது, யார் எழுதுகிறார், எந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பதில் எழுதுகிறார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மூன்றரை வருடம் அந்த ஆளோடுதான்.